ஹாட் யோகா முதல் வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாட் யோகா அறையில் எவ்வளவு சூடு இருக்கும்? எல்லா இடத்திலும் ஒரே அளவா?

இல்லை. ஹாட் யோகா என்ற ஒரே பெயரில் நான்கைந்து விதமான வகுப்புகள் நடக்கின்றன. ஒரு வகுப்பில் கேட்ட அனுபவத்தை இன்னொரு வகுப்புக்குப் பொருத்திப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

26 ஆசன வகுப்புகளில் அறையின் வெப்பம் சுமார் 40.5 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம். 105 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருந்தாலும் அதேதான். ஹாட் வின்யாசா வகுப்புகள் பெரும்பாலும் 32 முதல் 37 டிகிரிக்குள் இருக்கும். சூடு குறைவு, அசைவு அதிகம். ஹாட் யின் வகுப்பில் உட்கார்ந்தும் படுத்தும் ஒரே நிலையில் மூன்று, ஐந்து நிமிடம் இருப்பீர்கள். இன்ஃப்ராரெட் வகுப்புகளில் சுவரிலோ கூரையிலோ உள்ள தகடுகள் உடலை நேரடியாகச் சூடாக்கும். காற்று அவ்வளவு திணறடிக்காது, ஆனால் தகட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் தள்ளி இருப்பவருக்கும் சூடு ஒன்றாக இருக்காது.

வெப்பத்தை மட்டும் விசாரித்துவிட்டு ஈரப்பதத்தைக் கேட்காமல் விடாதீர்கள். அறைக்காற்று தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் (தோல் ஏறக்குறைய 35 டிகிரி), காற்று நம்மைக் குளிர்விக்காது, சூடேற்றும். அப்போது உடலுக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதனால்தான் 40 டிகிரி வறண்ட அறையைவிட 37 டிகிரி புழுக்கமான அறை பாடாய்ப்படுத்தும்.

"26-2" என்று சொல்கிறார்களே, அது என்ன?

26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், மொத்தம் 90 நிமிடம். கல்கத்தாவில் பிஷ்ணு சரண் கோஷிடம் பயின்ற பிக்ரம் சௌத்ரி 1970-களில் அமெரிக்காவில் பரப்பிய வரிசை இது. நின்ற நிலையில் செய்யும் ஆழ்ந்த மூச்சில் தொடங்கி அர்த்த சந்திராசனம், உத்கடாசனம், கருடாசனம் என்று போய், நடுவே இரண்டு நிமிடச் சவாசனம், பிறகு தரை ஆசனங்கள், கடைசியில் கபாலபாதி. பெரும்பாலான ஆசனங்கள் இரண்டு முறை வரும். உலகில் எந்த மூலையில் போனாலும் வரிசை மாறாது. பிக்ரம் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்த பிறகு பல நிலையங்கள் அவர் பெயரை நீக்கிவிட்டு 26-2 என்றே அழைக்கின்றன. இந்த வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் யார் வேண்டுமானாலும் கற்றுத்தரலாம்.

முதல் முறை போகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

சூட்டுக்கே பழக்கமில்லை என்றால் 32–34 டிகிரியில் 60 நிமிட வகுப்பு. யோகா ஏற்கெனவே செய்பவர் என்றாலும் எங்கள் பதில் இதுதான். சாதாரண அறையில் ஒன்றரை மணி நேரம் பயிற்சி செய்பவர்கள்தான் சூடான அறையில் முதல் நாள் அதிகம் சிரமப்படுகிறார்கள். தெரிந்த ஆசனங்களைத் தெரிந்த ஆழத்துக்கே செய்யப் பார்ப்பார்கள், இருதயமோ அதற்குள் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்: தசைகளுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும்.

26-2 தான் வேண்டும் என்றால் அதிலேயே 60 நிமிடச் சுருக்க வகுப்பு பல இடங்களில் உண்டு. ஹாட் பிலாட்டீஸ், ஹாட் பவர் என்று பெயர் வைத்திருப்பவை முதல் நாளுக்கு வேண்டாம்.

யோகாவே தெரியாது. போகலாமா?

போகலாம். வரிசை மாறாத 26-2 வகுப்பில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே பின்தொடரலாம். வின்யாசா வகுப்பில் அசைவுகள் வேகமாக மாறும். அதற்கு முன் சாதாரண அறையில் நாலைந்து வகுப்பாவது போய் வாருங்கள். தலைகுனிந்த நாயாசனமும் தரையில் இறங்கி எழும் சதுரங்க தண்டாசனமும் கைக்கு வந்திருந்தால் சூட்டை மட்டும் சமாளித்தால் போதும்.

யாரெல்லாம் போகக் கூடாது?

கர்ப்பிணிகள் போகக் கூடாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு யோகாவைப் பரிந்துரைத்தாலும் ஹாட் யோகாவைத் தவிர்க்கவே சொல்கிறது. முன்பு வெப்பத்தாக்கு வந்தவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அடிக்கடி மயங்கி விழுபவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் தெளிவாகச் சரி என்று சொன்னாலொழியப் போக வேண்டாம். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடல் சூடானால் பார்வை மங்குவது, கால் சோர்வது போன்ற அறிகுறிகள் தற்காலிகமாகத் தீவிரமாகும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்தால் அன்று வேண்டாம். நின்ற பிறகும் இரண்டு நாள் பொறுங்கள். முந்தைய இரவு மது அருந்தியிருந்தாலும் அதே பதில். தூங்காமல் போகிறவருக்கும் சூடு தாங்காது.

மாதவிடாய் நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் தடையில்லை. ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ ரத்தசோகை இருந்தாலோ தலைசுற்றல் சீக்கிரம் வரும், அந்த நாட்களை விட்டுவிடலாம்.

மாத்திரை சாப்பிடுகிறேன். பரவாயில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வருபவர்கள்தான் அதிகம், ஆனால் கேட்டே ஆக வேண்டியது இது.

சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் உடலில் நீரையும் உப்பையும் ஏற்கெனவே குறைத்திருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர்கள் துடிப்பை ஏறவிடாது. சூட்டில் அழுத்தம் இறங்கும்போது ஈடுகட்டத் துடிப்பு ஏற வேண்டும், ஏறாவிட்டால் மயக்கம். சளி, அலர்ஜிக்கான சில பழைய மாத்திரைகளும், மனநலத்துக்குத் தரும் சில மருந்துகளும் வியர்வையையே குறைக்கும். மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் எடுப்பவர்கள் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகக்கூடும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சூட்டில் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். இன்சுலின் பேனாவைச் சூடான அறைக்குள் எடுத்துப்போகாதீர்கள், மருந்து கெட்டுவிடும்.

மருத்துவரிடம் "யோகா போகலாமா?" என்று கேட்டால் "தாராளமாக" என்றுதான் சொல்வார். "40 டிகிரி அறையில் ஒன்றரை மணி நேரம் இருக்கலாமா?" என்று கேளுங்கள்.

அன்றைக்கு என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

முழுச் சாப்பாடு என்றால் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். பசித்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். வெறும் வயிறும் வேண்டாம். நிறைந்த வயிற்றுக்குக் குமட்டல், வெறும் வயிற்றுக்குக் கண் இருட்டல்.

தண்ணீரை வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பு மடமடவென்று குடித்து ஈடுகட்ட முடியாது. நாள் முழுக்க அளவாகக் குடித்துவந்து, வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு 400 முதல் 600 மில்லி குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் அன்று வகுப்பைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது?

பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்துக் கனத்து, உடம்போடு ஒட்டி, ஆவியாக விடாது. உடம்போடு ஒட்டிய மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர் உடை நல்லது. ஆண்களுக்கு முழங்காலுக்கு மேல் நிற்கும் உள்லைனிங் வைத்த ஷார்ட்ஸ். சில ஆசனங்களில் பாதத்தைத் தொடையில் வைக்க வேண்டியிருக்கும். வெறும் தோல் வியர்வையில் வழுக்கும், முழுநீள லெக்கிங்ஸில் பிடிப்பு கிடைக்கும், ஆனால் சூடு கூடும். ஒவ்வொருவரும் ஓரிரு வகுப்பில் தமக்குச் சரியானதைக் கண்டுகொள்வார்கள்.

அன்று உடம்புக்கு எண்ணெய், லோஷன் எதுவும் தடவாதீர்கள். கை வழுக்கும், கண்ணில் வழியும். சங்கிலி, வளையல், மோதிரங்களைக் கழற்றி வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் முடிந்தால் அதையும்.

கட்டாயம் வேண்டியவை மூன்று: மேட், மேட்டை முழுதும் மூடும் துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர். துண்டு இல்லாமல் மேட் மட்டும் இருந்தால் இருபதாவது நிமிடம் அது வழுக்குப் பாறையாகிவிடும். 183-க்கு 61 சென்டிமீட்டர் மைக்ரோஃபைபர் துண்டுதான் வழக்கமான அளவு. இந்தத் துணி காய்ந்திருக்கும்போது வழுக்கும், நனைந்தால்தான் பிடிக்கும். அதனால் தொடங்கும் முன்பே கை ஊன்றும் இடத்திலும் கால் ஊன்றும் இடத்திலும் ஒரு கை தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் வழுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாதவர்கள். முகம் துடைக்க இன்னொரு சிறு துண்டு, மாற்றுடை, ஈரத்துணி வைக்க ஒரு பை.

அறையில் எந்த இடத்தில் மேட்டை விரிப்பது?

பின்வரிசை, கதவுக்குப் பக்கம். ஹீட்டர் காற்று வரும் துளைக்கு நேர் கீழேயும் இன்ஃப்ராரெட் தகட்டுக்கு அடியிலும் வேண்டாம். முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்ய முடிகிற இடமாக இருக்கட்டும். பத்து நிமிடம் முன்பே உள்ளே போய் மல்லாந்து படுத்திருங்கள். சூடான காற்று மேலே நிற்பதால் தரையோரம் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். வகுப்பு முழுதும் இந்த உண்மை கைகொடுக்கும். நிற்க முடியவில்லை என்றால் படுப்பது ஓய்வு மட்டுமல்ல, குளிர்ந்த காற்றுக்கு இறங்குவதும்கூட.

வகுப்பில் உடம்புக்கு என்னவெல்லாம் ஆகும்?

உள்ளே நுழைந்ததும் மூச்சு முட்டுவதுபோல் தோன்றும். ஆக்ஸிஜன் குறைவால் அல்ல; சூடான ஈரக்காற்று முகத்தில் படும்போது வரும் உணர்வு. மூக்கால் மெல்ல இழுத்து மெல்ல விட்டால் சில நிமிடத்தில் அடங்கும்.

முதல் கால் மணி நேரம் பலருக்கு எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருக்கும். இங்கேதான் தவறு தொடங்குகிறது. "இவ்வளவுதானா" என்று முழு பலத்தோடு இறங்குவார்கள். உள்வெப்பம் மெதுவாகத்தான் ஏறும், இருபதாவது நிமிடத்துக்கு மேல்தான் தெரியவரும். 26-2 வகுப்பில் அந்த நேரம் ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனங்கள் வரிசையாக வரும். இருதயம் படபடக்கும், காதில் துடிப்பு கேட்கும், வெளியே ஓடிவிடலாமா என்று தோன்றும். அதற்கு முன்பே ஒவ்வொரு ஆசனத்தையும் உங்கள் வழக்கத்தில் பாதி அளவுக்கே செய்திருந்தால் இந்தக் கட்டத்தைக் கடந்துவிடலாம்.

மூச்சுதான் அளவுகோல். மூக்கால் மூச்சுவிட முடிகிறவரை சரி. வாயைத் திறந்தால்தான் முடியும் என்றால் ஆசனத்தைக் குறையுங்கள். குறைத்தும் அடங்கவில்லை என்றால் உட்காருங்கள். முதல் வகுப்பில் 26-இல் 12 ஆசனம் செய்து 14-க்குப் படுத்திருந்தவர் தோற்றவர் அல்ல. சூட்டில் நிதானமாக மூச்சுவிடக் கற்றுக்கொண்டிருக்கிறார், அன்றைய பாடமே அதுதான். ஆசனத்தைச் சரியாகச் செய்ய மூன்றாவது, நான்காவது வகுப்பு இருக்கிறது.

தலைசுற்றினால் என்ன செய்வது? வெளியே போகலாமா?

சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கும். குனிந்து சட்டென நிமிர்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறையும், கண் இருட்டும். ஆகவே ஒவ்வொரு முன்வளைவிலிருந்தும் எழும்போது முழங்காலை மடக்கி, கைகளைத் தொடையில் ஊன்றி, தலையைக் கடைசியாக நிமிர்த்துங்கள்.

சுற்றல் வந்துவிட்டால் உடனே ஒரு முழங்காலை ஊன்றி உட்காருங்கள், பிறகு படுங்கள். நின்றபடியே கதவை நோக்கி நடக்காதீர்கள். மயங்கி விழுந்து தலையில் அடிபடுவது அந்தப் பத்தடி நடையில்தான். படுத்து இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்துவிட்டால் உட்கார்ந்து தொடரலாம். தெளியவில்லை என்றாலோ, தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, சூட்டிலும் உடல் சிலிர்ப்பு என்று ஏதாவது சேர்ந்துகொண்டாலோ ஆசிரியரைக் கையசைத்துக் கூப்பிட்டு, துணையோடு வெளியே போங்கள். அது வெப்பச் சோர்வின் தொடக்கம்.

"வகுப்பு முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது" என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த விதியை மதிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

எப்போது அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்?

பேச்சு குழறுதல், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமை, காரணமில்லாத எரிச்சலோ தள்ளாட்டமோ, வலிப்பு, நினைவு தப்புதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நிலை அது. தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று நினைக்கக் கூடாது; உடற்பயிற்சியில் வருவதில் ஆள் வியர்வையில் நனைந்தே இருப்பார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீரில் கழுத்துவரை இறக்குங்கள். தொட்டி இல்லை என்றால் ஷவருக்கு அடியில் உட்காரவைத்து நீரைக் கொட்டுங்கள், ஈரத்துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

உஷ்ட்ராசனத்தில் குமட்டலும் படபடப்பும் வருகிறது என்கிறார்களே?

முதல் முறை செய்பவர்களுக்கு அடிக்கடி வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் சூட்டில் இருந்த பிறகு மண்டியிட்டுத் தலையைப் பின்னால் தொங்கவிடுகிறீர்கள், பிறகு நிமிர்கிறீர்கள். அழுத்தம் ஏறி இறங்குகிறது. சிலருக்குக் கண்ணீர்கூட வரும், பயப்பட வேண்டாம்.

முதல் வகுப்பில் கையைக் குதிகாலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மண்டியிட்டு, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஆறு அங்குலம் விட்டு, உள்ளங்கைகளை இடுப்புக்குக் கீழே பின்புறம் விரல்கள் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். தொடைகளை முன்னே தள்ளுங்கள். நெஞ்சை மேலே தூக்கிய பிறகே பின்னால் சாயுங்கள். நெஞ்சு உயராமல் சாய்ந்தால் வளைவு முழுதும் இடுப்பு முதுகின் ஒரே மூட்டில் போய் நிற்கும், மறுநாள் வலி அங்கேதான். கழுத்தில் பழைய வலி இருந்தால் தாடையை நெஞ்சை நோக்கியே வைத்திருங்கள். மூன்று மூச்சு போதும். வெளியே வரும்போது கைகள் இடுப்பிலேயே இருக்கட்டும். தொடை முன்னே, நெஞ்சு நிமிர, தலை கடைசியாக. குதிகால்மேல் ஒரு மூச்சு உட்கார்ந்துவிட்டு மெல்லப் படுங்கள்.

"முட்டியைப் பூட்டு" என்கிறார் ஆசிரியர். மூட்டு தேயாதா?

சொல் தவறான பொருள் தருகிறது. பூட்டுவது என்றால் முழங்காலைப் பின்னால் தள்ளுவதல்ல. தொடையின் முன்தசையை இறுக்கி முழங்கால் சில்லை மேலே தூக்குவது. பின்னால் தள்ளினால் எடை தசையில் நிற்காமல் மூட்டின் பின்புற நார்களில் தொங்கும். இயல்பாகவே மூட்டு தளர்ந்தவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம்.

சோதிக்க ஒரு வழி: நிற்கும் காலின் எடை குதிகாலுக்கு மட்டும் போய்விட்டதா என்று பாருங்கள். போயிருந்தால் கெண்டைக்கால் பின்னால் சாய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முழங்காலைத் தளர்த்தி, பெருவிரல் அடி, சிறுவிரல் அடி, குதிகால் மூன்றிலும் எடையைப் பங்கிட்டு, பிறகு தொடையை இறுக்குங்கள்.

சூட்டில் உடம்பு நன்றாக வளைகிறது. அது நல்லதுதானே?

ஹாட் யோகாவில் அடிபடுவதற்கான முதல் காரணமே இதுதான் என்று எண்ணுகிறோம். சூட்டில் தசை இளகும், வலி உணர்வும் மழுங்கும். வழக்கமாக "போதும்" என்று தடுக்கும் எச்சரிக்கை தாமதமாக வரும். அன்று உள்ளங்கை தரையைத் தொட்டதற்கு மறுநாள் மாலை உட்காரும் எலும்புக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் வலிக்கும். அது தொடைப் பின்தசையின் நாண் எலும்பில் ஒட்டும் இடம். அங்கே பட்ட காயம் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

உங்களால் முடிந்ததில் எழுபது சதவீதத்தில் நின்றுவிடுங்கள். இழுவை தசையின் நடுப்பகுதியில் தெரிந்தால் சரி. மூட்டுக்கருகிலோ எலும்போடு ஒட்டும் இடத்திலோ தெரிந்தால் பின்வாங்குங்கள். ஆசிரியர் பின்னாலிருந்து அழுத்த வந்தால் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

வகுப்பின் நடுவே தண்ணீர் குடிக்கலாமா?

குடிக்கலாம், இரண்டு மூன்று மிடறுகளாக. ஒரே மூச்சில் அரை பாட்டில் குடித்தால் அடுத்த முன்வளைவில் வயிறு குலுங்கும். பனிக்கட்டி நீர் வேண்டாம் என்ற பேச்சு உண்டு. குளிர்ந்த நீர் குடிப்பதில் கேடு இல்லை, வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் குடியுங்கள். ஆசிரியர் குறிப்பிடும் இடைவேளைக்கு முன்பு தாகம் எடுத்தாலும் குடிக்கலாம்.

முடிந்த பிறகு எவ்வளவு குடிக்க வேண்டும்?

இதற்கு ஊகமே வேண்டாம், எடை பார்க்கும் கருவி போதும். வகுப்புக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முன்பு 62 கிலோ, பின்பு 61.1 கிலோ, நடுவே குடித்தது 500 மில்லி என்றால் வெளியேறிய வியர்வை 1.4 லிட்டர். இன்னும் ஈடாகாத குறை 0.9 கிலோ. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் என்ற கணக்கில் ஏறக்குறைய 1.1 முதல் 1.35 லிட்டரை அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துக் குடிக்க வேண்டும். சிறுநீராகப் போகும் பங்கையும் சேர்த்துத்தான் இந்தக் கூடுதல்.

எடை கூடியிருந்தால்? அது நல்ல செய்தி அல்ல. வியர்த்ததைவிட அதிகம் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அதன் அறிகுறிகளும் நீர்க்குறைவுபோலவே இருப்பதால் மேலும் தண்ணீர் குடித்துச் சிக்கலாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

ஒரு லிட்டருக்கு மேல் வியர்த்தவருக்கு உப்பும் வேண்டும். அடுத்த வேளை உணவில் வழக்கமான உப்பு இருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உடனே சாப்பிட முடியாது என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல். பொட்டலம் கையில் இல்லை என்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு குமிந்துவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளுங்கள்.

உடனே குளிக்கலாமா?

கடைசிச் சவாசனத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் இருங்கள். வெளி அறையில் பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு மிதமான நீர். வெந்நீர் ஷவர் வேண்டவே வேண்டாம்; விரிந்த ரத்தக் குழாய்கள் மேலும் விரிந்து குளியலறையிலேயே மயங்க நேரலாம். தலை தெளியாமல் வண்டி ஓட்டாதீர்கள்.

வியர்வையில் நச்சு வெளியேறுமா? எடை குறையுமா?

நச்சை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். வியர்வையில் கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர், மீதியில் பெரும்பகுதி உப்பு. வகுப்பு முடிந்ததும் குறையும் எடை அந்தத் தண்ணீர்தான், குடித்ததும் திரும்பிவிடும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் 90 நிமிட வகுப்பில் ஆண்கள் சராசரியாக 460, பெண்கள் 330 கலோரி செலவழித்தார்கள். ஆயிரம் கலோரி என்று விளம்பரம் செய்வதை நம்ப வேண்டாம்.

அப்படியென்றால் சூட்டினால் என்ன லாபம்?

நேர்மையான பதில்: பலனில் பெரும்பங்கு யோகாவுடையது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே 26 ஆசன வரிசையை ஓர் அணி 40.5 டிகிரியிலும் இன்னோர் அணி 23 டிகிரியிலும் 12 வாரம் செய்தன. ரத்தக் குழாய் விரியும் திறன் இரண்டு அணியிலும் ஒரேபோல மேம்பட்டது. அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலுக்காக 2015-இல் செய்த ஆய்வில், 90 நிமிட வகுப்பின் முடிவில் ஒருவரின் உள்வெப்பம் 104.1 டிகிரி ஃபாரன்ஹீட்டை (சுமார் 40 டிகிரி செல்சியஸ்) தொட்டது. பழகியவர்கள்தாம் அதில் பங்கேற்றவர்கள். அதனால்தான் நேரத்தையும் சூட்டையும் குறைத்துத் தொடங்கச் சொல்கிறோம்.

சூடு தருவது வேறு: சூட்டைத் தாங்கும் பழக்கம். தொடர்ந்து வெப்பத்தில் பயிற்சி செய்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேலைக்கு இருதயம் குறைவாகத் துடிக்கும். அதோடு, வேறெங்கும் கவனம் போக முடியாத ஒன்றரை மணி நேரம். பலர் இதற்காகவே திரும்பி வருகிறார்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள்?

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று. பத்து நாளுக்கு ஒருமுறை போனால் உடம்பு பழகாது, ஒவ்வொரு தடவையும் முதல் வகுப்பாகவே இருக்கும். மூன்று வாரம் நிறுத்திவிட்டுத் திரும்பினாலும் புதிதாய் வந்தவராகவே உங்களை நடத்துங்கள். முப்பது நாளில் முப்பது வகுப்பு என்ற சவால்களில் முதல் மாதத்திலேயே சேராதீர்கள்.

உடம்பில் சிவப்புப் பொரிகள் வந்துவிட்டன. ஒவ்வாமையா?

பெரும்பாலும் வியர்க்குருதான். ஈர உடையை உடனே மாற்றி, சோப்பைக் குறைத்துக் குளித்து, காற்றாட விட்டால் ஓரிரு நாளில் அடங்கும். விரலிடுக்கில் அரிப்பும் தோலுரிதலும் என்றால் பூஞ்சை. நிலையத்தில் வெறுங்காலோடு நடக்காமல் செருப்புப் போடுங்கள், இரவல் மேட் வேண்டாம். துண்டை அன்றே துவைத்துவிடுங்கள். துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள், மைக்ரோஃபைபரின் உறிஞ்சும் திறன் போய்விடும். மேட்டை ஈரத்தோடு சுருட்டி மூலையில் வைத்தால் இரண்டாம் நாளே நாறும். இருபுறமும் துடைத்து, நிழலில் விரித்துக் காயவையுங்கள். இயற்கை ரப்பர் மேட் வெயிலில் வெடித்துவிடும்.

சேரும் முன் நிலையத்தில் என்ன கேட்பது?

வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு, அவற்றைக் காட்டும் மீட்டர் அறைக்குள் இருக்கிறதா? வகுப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று விடுகிறார்களா? ஆசிரியருக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா? நினைத்தபோது தண்ணீர் குடிக்கலாமா, வெளியே போகலாமா? முதல் முறை வருபவரின் உடல்நிலையை எழுதிக் கேட்கிறார்களா? கடைசி இரண்டு கேள்விகளுக்குத் தயங்கினால் வேறு நிலையம் பாருங்கள். உள்ளே போனதும் முதல் முறை வந்திருப்பதாக ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வகுப்பு முழுதும் அவர் பார்வை அடிக்கடி உங்கள் பக்கம் வரும்.